ஒரே எண்ணில் ஆறு பேர்

கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள் மக்களே. சாரல் அடிக்காத இடமாகப் பார்த்து, ஒருவரையொருவர் ஒட்டினாற்போல் உட்காருங்கள். இன்றைக்கு ஒரு பெண்பிள்ளையின் கதை வைத்திருக்கிறேன். சிரிக்க வைக்கிற கதை இல்லை. ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் பயம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கமே இல்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், கர்க்கடக மாதத்து மழை, தமிழுக்கு ஆடி. பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு துணிக்கடையின் மாடியில் சுந்தரதாஸ் என்று ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். இரண்டு கம்ப்யூட்டர், கரகரவென்று கத்துகிற ஒரு பிரிண்டர், ஒரு டெலிபோன். அங்கே வேலை பார்த்தவள் ஷிஜா. குளத்தூர்க்காரி, இருபத்தாறு வயது, அடுத்து வருகிற சிங்க மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தது. அன்றைக்கு சுந்தரதாஸ் நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தார், மழைக்குப் பயந்து படிக்கிற பிள்ளைகளும் வரவில்லை. மதியம் மூன்று மணி வாக்கில் போன் அடித்தது. எடுத்தாள்.

"மக்கா, சில்வெஸ்டரை ஒண்ணு விளிச்சுத் தருவியா? பத்து மினிட்டு கழிஞ்சு நான் பின்னயும் விளிக்கேன்."

ஒரு பெண்ணின் குரல். இவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்போதெல்லாம் ஒரு தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அதிகம். மற்ற வீட்டுக்காரர்கள் அந்த எண்ணையே தங்கள் எண்ணாகக் கொடுத்து, கடைசியில் பி.பி. என்று இரண்டு எழுத்துப் போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டு எண், கூப்பிட்டால் ஆளை வரவழைத்துத் தருவோம் என்று அர்த்தம். விளிக்கிறவர் பேரைச் சொல்லி வைத்துவிடுவார். போன்வீட்டுக்காரர்கள் வேலியோரம் நின்று கூவுவார்கள். கூப்பிட்ட ஆள் ஓடிவந்து, வாசலில் பாதத்தை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, 'உள்ளே வா' என்று சொல்கிற வரைக்கும் வெளியிலேயே நிற்பார். அப்புறம் போன் பக்கத்தில் அடக்கமாக உட்காருவார். பத்து நிமிஷத்தில் மணி மறுபடி அடிக்கும். கல்யாணச் செய்தியும் கல்ஃப் செய்தியும் சாவுச் செய்தியும் இந்த ஊர்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. ஷிஜாவின் வீட்டுக்கே ஒரு டீச்சர் வீட்டு எண்தான் பி.பி.

ஆனால் அந்தச் சென்டரின் போன் யாருக்கும் பி.பி. இல்லை. அதுதான் முதல் கோளாறு.

தவறி வந்த போன் என்று நினைத்துக்கொண்டு ஷிஜா வேலையைத் தொடர்ந்தாள். வியாபாரிகள் சங்கம் போன் புத்தகம் அச்சடிக்க ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. பட்டியல் என்றால் பட்டியலா அது? நாலு பேர் நாலு விதமாக அடித்து ஒன்றாய்க் கொட்டின குப்பை. ஒருவன் பேரையும் எண்ணையும் ஒரே கட்டத்தில் அடித்திருப்பான். ஒருவன் சைபருக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைப் போட்டிருப்பான். எஸ்.டி.டி. கோடு சிலதில் அடைப்புக்குள், சிலதில் கோடு போட்டு, சிலதில் இல்லவே இல்லை. எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கோடு, இந்தப் பக்கம் கேரளக் கோடு, இரண்டும் கலந்து கிடக்கும். 'ஆறு மணிக்கு மேல் விளிக்கவும்' என்று எண்ணுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். இதையெல்லாம் களைந்து, எழுத்தும் புள்ளியும் இல்லாமல் எண்ணை மட்டும் தனியாக ஒரு வரிசையில் நிறுத்துவதில் ஷிஜாவுக்கு இணை அந்த வட்டாரத்தில் கிடையாது. அவள் கையிலிருந்து வருகிற பட்டியல் அரிசி புடைத்து எடுத்தது மாதிரி இருக்கும் என்று சுந்தரதாஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவளுக்கும் அதில் ஒரு கர்வம் உண்டு.

சரியாகப் பத்தாவது நிமிஷத்தில் மணி அடித்தது. அதே குரல். சில்வெஸ்டர் வந்தானா என்று கேட்டது. அப்படி யாரும் இங்கே இல்லை, எண் தவறு என்றாள் ஷிஜா. அந்தக் குரல் கோபப்படவில்லை. வரவில்லையா, பரவாயில்லை, தூரத்திலிருந்து வர வேண்டாமா, அப்புறம் விளிக்கிறேன் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லி வைத்தது. பின்னால் ஓர் இரைச்சல் இருந்தது. மழை என்று நினைத்தாள். ஆனால் மழை நடுவில் மூச்சு வாங்காது. அந்த இரைச்சல் எழும்பியது, கொஞ்சம் நின்றது, இழுத்துக்கொண்டு போனது, மறுபடி எழும்பியது.

மூன்றாவது தடவை வேறு பெண், சின்ன வயசுக் குரல். கிளீட்டஸைக் கூப்பிட்டுத் தரச் சொன்னது.

ஷிஜாவின் கை போனை வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. சில்வெஸ்டர். கிளீட்டஸ். இந்த இரண்டு பேரையும் அவள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்திருக்கிறாள். பார்த்து, அழித்திருக்கிறாள்.

சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில், எடவ மாதம் கடைசியில் ஒரு ராத்திரி திடீரென்று கடல் கோபித்தது. காரோட்டுக்குக் கீழே ஒரு கடற்கரையிலிருந்து போன வள்ளங்கள் திரும்பவில்லை. பல ஊர்க்காரர்களாக நாற்பத்தாறு பேரைக் காணவில்லை. தேடுவதற்கென்று ஒரு கமிட்டி போட்டார்கள். உடல் எங்கேயாவது கரை ஒதுங்கினால் உடனே வீட்டுக்காரர்களை விளித்துச் சொல்ல வேண்டும், அதற்கு எண் வேண்டும். ஊர் ஊராக எழுதிவந்த தாள்களை யார் யாரோ கம்ப்யூட்டரில் அடித்து, அந்தக் குப்பை சுத்தம் செய்ய ஷிஜாவிடம் வந்தது. கமிட்டியில் இருப்பது ஒரே போன், ஓர் எண் இரண்டு தடவை வரக்கூடாது என்று சுந்தரதாஸ் சொல்லியிருந்தார். அவள் எழுத்தையெல்லாம் களைந்தாள். பி.பி.யும் எழுத்துதானே, அதுவும் போயிற்று. பிறகு எண் வாரியாக அடுக்கினாள். ஓர் இடத்தில் ஒரே எண் ஆறு வரி வந்து நின்றது. நார்பர்ட், கிளீட்டஸ், சில்வெஸ்டர், மரியதாசன், ஜெய்சன், பொன்னுதாஸ்.

ஒரு நிமிஷம் அவள் கை தயங்கியது உண்மை. ஆறும் ஒரே தெரு, போன் நார்பர்ட் வீட்டில் இருக்கிறது, மற்ற ஐந்தும் பி.பி. என்று அவளுக்குப் புரிந்தது. நார்பர்ட்டின் மனைவி ஜேனட்டை விளித்தால் அவள் மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டாளா என்று நினைத்தாள். ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஐந்து வரியை அழித்தாள். பட்டியல் புடைத்தெடுத்த அரிசியாய் அழகாக வந்தது.

நார்பர்ட்டின் உடல் இரண்டாம் நாளே பக்கத்துக் கரையில் ஒதுங்கியது. கமிட்டிக்காரர்கள் ஜேனட்டை விளித்தார்கள், அவள் போய் அடையாளம் காட்டினாள். ஆள் கிடைத்தாயிற்று என்று அந்த எண்ணைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார்கள். ஆறாம் நாள் ரொம்பத் தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கரையில் ஐந்து உடல்கள் வந்தன. பட்டியலில் வெட்டாமல் மிச்சமிருந்த எண்களையெல்லாம் விளித்துச் சொன்னார்கள். அந்த ஐந்து வீட்டுக்கும் பட்டியலில் எண்ணே இல்லை. மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். உரிமை சொல்ல யாரும் வரவில்லை என்று எழுதி, ஒரே குழியில் போட்டு மூடி, ஐந்து குச்சி நட்டார்கள். ஒரு மாதம் கழித்து அங்கே எடுத்த போட்டோக்களைக் காட்டினபோதுதான் ஜெய்சனின் அம்மா சுகிர்தபாய், மகனின் மணிக்கட்டில் கட்டியிருந்த ஜெபமாலையை அடையாளம் கண்டாள்.

எங்களை ஏன் விளிக்கவில்லை என்று சுகிர்தபாய் கமிட்டியில் கேட்டாள். கம்ப்யூட்டர் சென்டரில் கேட்கச் சொன்னார்கள். வாய் திறந்தால் சென்டரை மூட வேண்டியதுதான் என்று சுந்தரதாஸ் முதல்நாளே சொல்லி வைத்திருந்தார். ஷிஜாவுக்குக் கல்யாணம் வேறு கண்முன்னே நின்றது. ஜேனட் சேச்சி வீட்டுக்கு விளித்தார்கள், அவர்கள் போனை எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அது கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. குழாயடியில் ஜேனட் குடம் வைத்தால் மற்றக் குடங்கள் விலகின. கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் அவள் மட்டும் இருந்தாள். புருஷனைப் புதைத்து ஒன்றரை மாதம்கூட ஆகாதவள்.

போன் வந்த அன்றைக்குக் காலையில்தான் சுகிர்தபாய் மறுபடி படியேறி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஜேனட் பைபிளைத் தொட்டுப் பறையியா, மணி அடிக்கவே இல்லன்னு. நீ படிச்ச பிள்ள, பொய் பறைய மாட்ட. அவளா, இல்ல உனக்க கம்ப்யூட்டரா?"

ஷிஜா கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "விளிச்சதாக்கும் அம்மா. அவங்கதான் எடுக்கல."

"அது மதி" என்றாள் சுகிர்தபாய், அவ்வளவு போதும் என்பதுபோல். "அவளுக்க வீட்டு போன் வயரை நேத்தே பிடுங்கிப் போட்டாச்சு. இனி எங்க தெருவுக்கு யாரு விளிக்கியதுக்கு இருக்கு?"

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு ஷிஜா உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போயிற்று. மேஜைக்கடியில் யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்சிட்டு ஓய்ந்தது. திரை ஒரு பச்சைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. ஐந்து மணிதான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே மேகம் தென்னைமரத் தலையை இடிக்கிற உயரத்தில் இறங்கி நின்றது. அறைக்குள் ஈரத்துணியின் நாற்றமும் பிரிண்டர் ரிப்பனின் மை நாற்றமும் வழக்கமாக இருக்கும். இப்போது அவற்றுக்கடியில் இன்னொன்று மெல்ல மேலே வந்தது. நாள்பட்ட வலையின் நாற்றம். உப்பு. அழுகின ஏதோ ஒன்று. கடல் அங்கிருந்து எத்தனையோ மைல்.

போன் அடித்தது. கரண்ட் இல்லாவிட்டாலும் போனுக்கு உயிர் உண்டல்லவா.

மரியதாசனைக் கூப்பிட்டுத் தரச் சொன்னாள் ஒருத்தி. ஷிஜா வைத்தாள். உடனே அடித்தது. சில்வெஸ்டர் புறப்பட்டுவிட்டானா என்று முதல் பெண். வைத்தாள். அடித்தது. கிளீட்டஸ். ரிசீவரைக் கீழே எடுத்து வைத்தாள். அப்படியே கிடந்தபடிக்கே மணி அடித்தது.

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று எழுந்தாள். கதவுவரைக்கும் போனாள்.

படியில் காலடிச் சத்தம்.

செருப்பில்லாத கால். ஒன்றில்லை, பல. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று ஏறி வந்தன. ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் சொட்டுகிற சத்தம். கதவுக்கு வெளியே வந்து நின்றன. யாரும் தட்டவில்லை. ஷிஜா பின்னாலேயே நடந்து மேஜையில் இடித்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே கிடந்த சாக்கில் பாதம் துடைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை. அப்புறம் அடுத்தவர். இரண்டு தடவை. அப்புறம் அடுத்தவர்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். தொண்டைக்குள் தண்ணீர் இருந்தது.

மேஜைமேல் போன். எடுக்க அவளுக்கு மனமில்லை, கை எடுத்தது. காலையில் இங்கே நேரில் கேட்ட அதே குரல்.

"மக்கா, எனக்க ஜெய்சனை ஒண்ணு விளிச்சுத் தா."

"இஞ்ச யாரும் இல்ல" என்றாள் ஷிஜா.

"வந்து நிக்கியான். பாதம் தொடச்சிட்டு நிக்கியான். நீ உள்ள வரச் சொல்லாம அவன் எப்பிடி வருவான்?"

அப்போதுதான் ஷிஜா உடைந்துபோனாள். ஜேனட்டின் வீட்டு வயர் அறுந்து கிடக்கிறது என்பதும், இந்தக் குரல் அந்த அறுந்த போனிலிருந்துதான் வருகிறது என்பதும் அவளுக்கு ஒன்றாகவே உறைத்தது. அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா, ஜேனட் சேச்சி மேல ஒரு குற்றமும் இல்ல. மணி அடிக்கல்ல. அஞ்சு வரியையும் நான்தான் அழிச்சேன். நான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் அலை எழும்பி, நின்று, இழுத்துக்கொண்டு போனது.

"அது பின்ன பறையலாம்" என்றாள் சுகிர்தபாய், ரொம்பச் சாதாரணமாக. "இப்ப ஆளுக்க கையில கொடு. காத்து நிக்கியானில்லா."

உள்ளே வா என்று ஷிஜா சொன்னாளோ, சொல்லவில்லையோ. உதடு அசைந்தது. கதவு திறந்தது.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். வெள்ளைவெளேரென்று ஊறிப்போய், தோல் கையுறைபோல் தொளதொளத்த கை. மணிக்கட்டில் ஜெபமாலை சதைக்குள் புதைந்திருந்தது. அடுத்த வீட்டுப் பொருளை வாங்குகிற பதனத்தோடு ரிசீவரை அவள் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. காதில் வைத்தது. பேச்சு வரவில்லை. வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மணலும் தண்ணீரும், நிற்காமல், ரிசீவருக்குள் போய்க்கொண்டே இருந்தது. மறுபக்கம் அம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஆங் மோனே. ஆங். கேக்குது மோனே. ஆங். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

முடிந்ததும் ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தான். உபகாரத்துக்கு நன்றி என்பதுபோல் தலையைக் குனிந்தான். போனான். படியில் காலடிகள் இறங்கின.

மணி அடித்தது. சில்வெஸ்டர் வந்தான்.

மணி அடித்தது. கிளீட்டஸ்.

மணி. மரியதாசன்.

ஒவ்வொருவரும் குனிந்து, வாங்கி, வைத்து, இறங்கிப் போனார்கள். தரையில் தண்ணீர் அவள் கணுக்கால்வரை நின்றது.

அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை.

வெளியே இன்னும் ஒருவன் நின்றான். பாதம் துடைத்தாயிற்று. செருமியாயிற்று. யாரும் கூப்பிடாமல் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, கூச்சத்தோடு அவனே உள்ளே வந்தான். பொன்னுதாஸ். அவன் பேருக்கு நேரே 'உறவு' என்ற கட்டம் காலியாக இருந்தது ஷிஜாவுக்கு ஞாபகம் வந்தது. அம்மா இல்லை. கட்டின பெண் இல்லை. போட்டோவைப் பார்த்து என் ஆள் என்று சொல்லக்கூட ஒருவரும் போகவில்லை. விளிக்க ஒருவரும் இல்லை.

பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அடக்கமாக. முழங்கால்மேல் கை வைத்து.

பத்து நிமிஷம் போயிற்று.

இன்னும் பத்து.

"உங்களை யாரும் விளிக்க மாட்டாவ" என்று சொல்ல வாயெடுத்தாள். கீழே துணிக்கடை ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. கடைசி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. போன் ஊமையாய்க் கிடந்தது.

மெல்ல எழுந்தாள்.

அவனும் எழுந்தான்.

உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான்.

ஓர் அடி நகர்ந்தாள். தனக்குத்தான் போன் வந்துவிட்டது, எடுத்துத் தரத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்து அவன் சடாரென்று எழுந்தான். கை இரண்டையும் நீட்டினான். இருட்டில், கண் இருந்த இடத்தில் மீன் தின்று வைத்த இரண்டு குழிகளும், அத்தனை ஆசையோடு அவளைப் பார்த்தன.

அவள் உட்கார்ந்தாள்.

அவன் உட்கார்ந்தான். நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு.

போதும் மக்களே. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து இறங்கிப் போனவர்கள் எல்லாரும் விளக்கு வைக்கிறதற்குள் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் பேரும் ஒரு தாளிலிருந்தும் விடுபடாமல் இருக்கட்டும். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்தப் பூமியில் எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.